நாலெல்லைக்குட்பட்டது

திரையின் வலது மூலையில் சிவப்புப் பெட்டி.
இன்னும் ஒன்பது நாள் என்கிறது.
நேற்றுப் பத்து என்றது.
இந்தக் கணக்கில் மட்டும்
அதற்கு ஒருநாளும் பிழை வந்ததில்லை.

"இது உண்மையா வேணுமோ, நளாயினி?"
கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்கிறார்
நொத்தாரிசு.
நாலாயிரத்து எண்ணூறு ரூபா.
சாவகச்சேரிக் கோட்டடியில், மாடிப்படிக்குக் கீழே
எங்கள் கந்தோர்:
ஒரு கொம்பியூட்டர், ஒரு பிறிண்டர்,
பதினொரு வருசத்து உறுதிகள்.

வேணுமோ வேண்டாமோ, எனக்குத் தெரியாது.
நடந்தது தெரியும்.

அந்த மாரியில் எங்கள் பிறிண்டர் படுத்துவிட்டது.
பஸ் நிலையத்தடி போட்டோகொப்பிக் கடைக்கு
பென் ட்ரைவைக் கொண்டுபோனேன்.
திரும்பிவந்து செருகினால்
கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகள்.
திறந்தால் ஒன்றுமில்லை.
மட்டுவில், நுணாவில், கைதடி
காணி காணியாகக் காணாமல் போனது.
எனக்குக் கை நடுங்கியது.

யூட் அன்ரன் வந்தான். நெல்லியடியில் றிப்பெயர்க் கடை.
கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தான்.
எல்லாம் அங்கேதான் கிடந்தன,
ஒளித்துக்கொண்டு.
போகும்போது அன்ரிவைரஸ் ஒன்று விற்றுவிட்டுப் போனான்.

பிறகு இரண்டு வருசம் பச்சை.
ஒரு புதன்கிழமை விடிய
தமிழ் அடிக்கிற சின்ன மென்பொருளைப் பிடித்து
கள்ளன் என்று சொல்லி
கூண்டில் போட்டது அது.
இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்
அங்கிருந்து பாரிசுக்குப் பறக்கிற ஒருவர்
அற்றோணித் தத்துவத்துக்கு முன்னால் குந்தியிருக்க,
நான் 'அ' அடித்தால்
m என்று வந்தது.
அன்றைக்குப் பேனாவால் எழுதினோம்.

வேலி பயிரை மேயும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.
மேய்ந்துவிட்டு,
'ஓர் அச்சுறுத்தல் நீக்கப்பட்டது' என்று
பெருமையும் பேசும் என்று
யாரும் சொல்லவில்லை.

நாற்பதாயிரம் போனது வேறு கதை.
அதைச் சொன்னால் ஐயாவுக்குக் கோபம் வரும்.
பார்சல் வந்திருக்கு எண்டு ஒரு குரல்,
போனில் வந்த ஆறு இலக்கத்தைக் கேட்டது.
ஐயா ஒவ்வொன்றாக,
சாட்சிக்காரனுக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி,
நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.
மூலையில் அப்போதும் பச்சை:
'நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.'

யூட்டிடம் போனில் கேட்டேன்.
"விண்டோசுக்குள்ளேயே ஒண்டு கிடக்கு, அக்கா.
அப்டேட்டை நிப்பாட்டாமல் விட்டால் காணும்.
விக்கிறவன் நானே சொல்லுறன்."
கொஞ்சம் பொறுத்து:
"ஆனால் கண்டதையும் செருகாதேங்கோ."

எந்த உறுதியிலும் நாலெல்லை எழுதி முடித்தபின்
வழிவாய்க்கால் பாத்தியம் என்று ஒரு வரி வரும்.
அது இல்லாத காணியை யாரும் வாங்கமாட்டார்கள்.
வருகிறவன் அந்த வரியால்தான் வருகிறான்.
வேலியை உயர்த்தி என்ன.

நாலாயிரத்து எண்ணூறோடு மேலே கொஞ்சம் போட்டு
வெளி டிஸ்க் ஒன்று வாங்கச் சொன்னேன்.
வெள்ளிக்கிழமை பின்னேரங்களில்
பதினொரு வருசத்தையும் அதில் இறக்கி
வயரைக் கழற்றி
முத்திரைத் தாளோடு இரும்புப் பெட்டிக்குள் வைக்கிறேன்.
ஐயா புறுபுறுத்தார். வாங்கினார்.

பத்தாம் நாள் பெட்டி சத்தமில்லாமல் போனது.
கழன்ற பல்லிடத்தை நாக்குத் தேடுகிறமாதிரி
கண் அந்த மூலைக்கே போகிறது.

நேற்று வங்கியிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
அவசரமாம், அழுத்தவாம்.
அனுப்பியவர் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.
ஒரு கால் விடுபட்டால்
காணி ஆள்மாறிப் போகிற தொழில் என்னுடையது.
நடுவில் ஒரு எழுத்துக் கூட.
அழித்தேன்.
கொஞ்சம் கெட்டித்தனமாகவும் இருந்தது.

இன்றைக்கு எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் பெடியன்
பென் ட்ரைவ் ஒன்று கொண்டுவந்து தந்தான்.
"வரைபடம் இதுக்குள்ள கிடக்கு, அக்கா.
ஐயா இப்பவே பாக்கச் சொன்னவர்."

கையில் வைத்திருக்கிறேன்.
அவன் சட்டைப்பையின் சூடு
இன்னும் அதில் இருக்கிறது.